முன்பக்க மார்க்

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி என் வீட்டுக்காரருடைய கம்பெனி வருடா வருடம் கொடுப்பது. இதுவரை இதில் கேஸ் சிலிண்டர் பதிவு செய்த தேதியும் பிளம்பர் நம்பரும்தான் எழுதியிருக்கிறேன். இன்றிலிருந்து ஒழுங்காக எழுதப்போகிறேன். காரணம் ஒன்றுதான். இந்த வீட்டில் ஒரு ஃபோன் வாங்க எத்தனை நாள் ஆனது என்று நாளைக்குப் பேச்சு வந்தால், நான் ஒன்றைப் பத்தாகச் சொல்கிறேன் என்று யாரும் சொல்லக்கூடாது. தேதியோடு சாட்சி வேண்டும்.

என் ஃபோனின் திரை உடைந்து ஆறு மாதமாகிறது. பின்மூடி கழன்று விழாமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன். மைக்கும் பாதி போய்விட்டதால் கத்திப் பேசினால்தான் அந்தப் பக்கம் கேட்கும். "உங்களுக்கு மைக் எதுக்கும்மா, நீங்க பேசறது சும்மாவே பெங்களூருக்குக் கேக்குது" என்கிறாள் மகள் யாழினி. அவள் அங்கே வேலையில் இருக்கிறாள்.

ஆகஸ்ட் முப்பதோடு எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். அன்றைக்கு எனக்கு ஒரு ஃபோன், அதுவும் இருப்பதிலேயே உசத்தியான ஃபோன் வாங்கித் தரப்போவதாக இவர் இன்று காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே அறிவித்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த வாக்கியத்தில் அது போய்விட்டது.

"ரெண்டு கம்பெனி ஃபோனுதான் இப்ப உச்சத்துல இருக்குது அம்மணி. ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துட்டு வாங்கீரலாம்."

என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து முப்பது வருடமாக கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டெஸ்டிங் பார்க்கிறார். மோட்டாரை ஓடவிட்டு, மீட்டரைப் பார்த்து, பாஸ் அல்லது ஃபெயில் என்று எழுதுவது வேலை. அந்தப் பழக்கத்தை வீட்டு கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வரத் தெரியாது. மிக்சி வாங்க நாலு மாதம் ஆனது. ஃப்ரிட்ஜ் வாங்கும்போது கடையில் கதவை நூறு முறை திறந்து மூடிப் பார்த்தார். அறுபதாவது முறையிலேயே கடைக்காரர் வந்து தண்ணீர் கொடுத்தார்.

ஜூன் 5, புதன்

நோட்டு வந்துவிட்டது. நீல அட்டை. ஃபோன்களின் பெயரை அதில் எழுதவில்லை. பெயரைப் பார்த்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். அதனால் ஒன்று அ, இன்னொன்று ஆ. கேமரா, பேட்டரி, திரை, எடை, சூடு, மைக் என்று இருபது வரி. வரிக்குப் பத்து மார்க்.

தாளின் பின்பக்கத்தைக் காலியாக விட்டிருந்தார். "அது எதுக்குங்க சும்மா கிடக்குது?" என்று கேட்டேன்.

"அது குறிப்புக்கு. டெஸ்டிங்ல அப்படித்தான். நம்பரெல்லாம் முன்னாடி. மோட்டாரு எப்படி நடந்துக்குச்சுங்கறது பின்னாடி. பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் ரிப்போர்ட்டே செல்லும்."

"பின்னாடி என்னத்த எழுதுவீங்க?"

"எதை நம்பர்ல போட முடியலையோ, அதை."

ஒரு ஃபோன் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் பெரியவர்கள் காலில் விழுமோ என்னவோ.

ஜூன் 9, ஞாயிறு

கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். பெண் பார்க்கப் போவது போலத்தான் இருந்தது. விற்பனைக்கு நிற்கும் பவித்ரா என்ற பெண் இரண்டு ஃபோன்களையும் ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். இவர் ஒவ்வொன்றாக எடுத்தார். திருப்பிப் பார்த்தார். குனியவைத்தார், நிமிர்த்தினார். காதில் வைத்தார், கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தார். பிறகு இரண்டையும் எடுத்துக்கொண்டு வெயிலில் திரை தெரிகிறதா என்று பார்க்க ரோட்டுக்கே போய்விட்டார். பவித்ராவும் செக்யூரிட்டியும் பின்னாலேயே ஓடினார்கள். கடைசியில் கடையில் கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டு எழுந்தார்.

"ஊருக்குப் போயி லெட்டர் போடறோமுங்க" என்று நான்தான் சொல்லி வைத்தேன். பவித்ரா சிரித்தாள். இவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

பெண் பார்த்தது என்றதும் என் கதை ஞாபகம் வருகிறது. பொள்ளாச்சியில் எங்கள் வீட்டுக்கு இவர்கள் வந்து உட்கார்ந்த நேரத்தில் சட்டென்று ஃபேன் நின்றது. நான் காலையில் பட்டுச்சேலைக்கு இஸ்திரி போட்டிருந்தேன், அதில் ஃபியூஸ் பலவீனமாகிப் போய்விட்டது. ஜூன் மாசப் புழுக்கத்தில் எல்லோரும் வேர்த்து வழிந்துகொண்டிருக்க, கட்டிய பட்டுச்சேலையோடு நானே ஸ்டூல் போட்டு ஏறி ஃபியூஸ் கட்டினேன். "பொண்ணு பார்க்க வந்த எடத்துல கொரடு எடுத்துட்டு வந்து நின்னவ நீ. உன்ற நல்ல நேரம், அவங்க சரின்னுட்டாங்க" என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 10, திங்கள்

ஒன்றும் வாங்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

மறுபடி அதே கடை. சமையலறைத் தராசைப் பையில் போட்டு எடுத்துவந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. பெட்டியில் போட்டிருக்கும் எடைக்கும் தராசு காட்டுவதற்கும் இரண்டு ஃபோனிலும் மூன்று கிராம் வித்தியாசம் வந்தது. கடை மேனேஜர் வரைக்கும் விஷயம் போனது. மேனேஜர் தன் கடைத் தராசைக் கொண்டுவந்தார். அதில் சரியாக இருந்தது. நம் வீட்டுத் தராசில்தான் கோளாறு.

அப்படியென்றால் இத்தனை வருடமாக என் மைசூர்பாகு சரியாக வராததற்கும் அதுதான் காரணம். இந்த ஃபோன் விவகாரத்தில் எனக்குக் கிடைத்த முதல் லாபம்.

ஜூலை 7, ஞாயிறு

இவருடைய ஆபீசில் ஒருவரிடம் அ இருக்கிறது, இன்னொருவரிடம் ஆ இருக்கிறது. இரண்டு பேரையும் வீட்டுக்கு வரச்சொல்லிவிட்டார். என்னை முருங்கை மரத்தடியில் நிற்கவைத்து இரண்டு ஃபோனிலும் படம் எடுத்தார்கள். வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று, நடக்கும்போது ஒன்று. ஆ என்னைக் கொஞ்சம் வெள்ளையாகக் காட்டுகிறது. அ என்னை உள்ளபடி காட்டுகிறது.

"அ தானுங்க கரெக்டா காட்டுது" என்றார் அ வைத்திருப்பவர். எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை.

யாழினியிடம் சொன்னேன். "அம்மா, அப்பாவுக்கு ஃபோன் வாங்கறது முக்கியமில்ல. ஒப்பிடறதுதான் முக்கியம். வாங்கீட்டா ஒப்பிடறது நின்னு போயிருமே" என்றாள். பெற்ற பெண் சரியாகத்தான் புரிந்து வைத்திருக்கிறாள்.

ஜூலை 14, ஞாயிறு

இவர் முடிவெட்டப் போகும்போது, "பீரோ மேல பச்சைப் பொட்டியில மிக்சி நோட்டு இருக்கும், எடுத்து வெய்யி. சத்தத்துக்கு எப்படி மார்க் போட்டேன்னு பார்க்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எடுத்தேன். மிக்சி நடுவில்தான் இருந்தது. அதற்கு முன்னால், முதல் தாளில், வேறொரு ஒப்பீடு.

13.6.99 என்று தேதி. இரண்டு கட்டம். அ, ஈரோடு. ஆ, பொள்ளாச்சி.

படிப்பு, உயரம், முகம், அடக்கம், சமையல் (கேள்விப்பட்டது), குடும்பம், ஊர்த் தூரம், குரல். எட்டு வரி. அந்த எட்டில் நான் முந்தியிருப்பது ஒன்றே ஒன்றில், ஊர்த் தூரம். பொள்ளாச்சிக்கு ஒரே பஸ்.

குரல்: அ 9, ஆ 4.

மொத்தம்: அ 68, ஆ 61.

பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. அடுப்பில் பால் பொங்கிவிட்டது. நோட்டைப் பெட்டியிலேயே போட்டுவிட்டு, கிடைக்கவில்லை என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

ஜூலை 15, திங்கள்

நான் காந்திபுரத்தில் ஒரு டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கிறேன். பதினாறு வருடம். ஒரு கொம்பு, ஒரு கால் தப்பியதில்லை. இன்று ஒரு பத்திரிகையில் மணமகள் ஊர் பொள்ளாச்சி என்று வரவேண்டிய இடத்தில் ஈரோடு என்று அடித்திருக்கிறேன். பெண்ணின் அப்பா ப்ரூஃப் பார்க்கும்போது கண்டுபிடித்தார். "ஏனுங்க, எம்புள்ளையத் தூக்கி ஈரோட்டுல வெச்சுட்டீங்களே" என்றார்.

கண்ணாடி பவர் மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

ஜூலை 16, செவ்வாய்

இவருடைய அக்கா சரஸ்வதி அண்ணிக்கு ஃபோன் போட்டேன். நலம் விசாரிக்கத்தான். பேச்சோடு பேச்சாக, "இவருக்கு எனக்கு முந்தி ஈரோட்டுல ஒரு பொண்ணு பார்த்தாங்களாமுங்க அண்ணி?" என்று கேட்டேன்.

"ஆமா, ரேணுகாதேவி. எம்எஸ்சி படிச்ச புள்ள. மெதுவாப் பேசும். அந்தப் புள்ளைக்கு இருந்த அடக்கம் இருக்குதே." அண்ணி அந்த அடக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார். "அப்புறம் அவங்களே வேண்டாம்னுட்டாங்கன்னு கேள்வி. நான் அப்ப மாமியார் வீட்டுல இருந்தேன், சரியாத் தெரியல. ஏன் அம்மணி கேக்கற?"

சும்மாதான் என்றேன். ஆக அவர்கள் வேண்டாம் என்றதால் என் முறை வந்திருக்கிறது. நல்ல சாமான் கடையில் தீர்ந்துபோனால் இருப்பதை வாங்கிக்கொண்டு வருவோமே, அப்படி. ஒன்றும் பாதகமில்லை. இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. இதையெல்லாம் யாராவது நினைத்துக்கொண்டிருப்பார்களா.

ஃபேஸ்புக்கில் நாற்பது ரேணுகாதேவி இருக்கிறார்கள். இருபத்தெட்டு வரை பார்த்தேன். திரை உடைந்திருப்பதால் முகம் சரியாகத் தெரியவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

ஆடித் தள்ளுபடி ஆரம்பித்துவிட்டது. மறுபடி கடை. எனக்கு இப்போது ஆ பிடித்திருக்கிறது. நிறம் நன்றாக இருக்கிறது, வேறு காரணம் ஒன்றுமில்லை.

"ஸ்பீக்கர்ல சத்தம் ஜாஸ்தி" என்றார் இவர்.

"சத்தம் இருந்தா என்னுங்க தப்பு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"என்ன சொன்ன?"

"சத்தம் இருந்தா என்னுங்க தப்புன்னேன்."

"கேக்கல."

பவித்ராதான் திருப்பிச் சொன்னாள். நான் இப்போதெல்லாம் கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறேன். வயதாக ஆக அதுதான் அழகு.

ஜூலை 26, வெள்ளி

யாழினி, "அம்மா கேக்கல, கேக்கல" என்று மூன்று முறை சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கீரைக்காரம்மா வாசலில், "தொண்டை கட்டிருச்சுங்களா?" என்று கேட்டாள். இவர் மோரில் மிளகு போட்டு வைத்திருந்தார். எதுவும் கேட்கவில்லை. வைத்திருந்தார்.

குடித்தேன். காரம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அந்த நோட்டு பெட்டியில்தான் இருக்கிறது. பீரோவைத் துடைத்தேன், பெட்டியைத் துடைத்தேன், நோட்டை எடுக்கவில்லை. பின்பக்கத்தில் என்ன இருக்கப்போகிறது? "ஈரோட்டார் மறுத்துவிட்டார்கள், ஆகவே ஆ" என்று இருக்கும். கீழே கையெழுத்து இருக்கும். அதை அவருடைய குண்டுக் கையெழுத்தில் படித்துத்தான் ஆகவேண்டும் என்று எனக்கு என்ன தலையெழுத்து. அறுபத்தொன்றும் பாஸ் மார்க்தான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பத்தொன்பது வரி முடிந்துவிட்டதாம். மைக் மட்டும் பாக்கி. கடையில் என்னைப் பேசச்சொல்லி இரண்டு ஃபோனிலும் பதிவு செய்தார். கேட்டுப் பார்த்தார். தலையை ஆட்டினார். "இது சரியில்ல. இன்னொரு நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று எழுந்துவிட்டார்.

ஃபோனில் என்ன சரியில்லை என்று பவித்ரா கேட்டாள். ஃபோனில் ஒன்றுமில்லை என்றார். இந்த மனிதரைப் பெற்றவர்கள் புண்ணியவான்கள், போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மைக் வரியை விட்டுவிட்டு மற்றதைக் கூட்டினார். அ ஏழு மார்க் முந்தி.

ஏழு. வேறு நம்பரே கிடைக்கவில்லையா இவருக்கு.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். இந்த டைரி சாட்சிக்காகத்தானே ஆரம்பித்தது.

பதினோரு மணிக்குக் கடை. கல்யாண நாளுக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது, இன்று வாங்கியே தீருவது என்று கிளம்பினோம். ஞாயிறு ஆனதால் நல்ல கூட்டம். இவர் நோட்டைப் பிரித்து மேஜையில் வைத்தார்.

"மார்க்கு அ-வுக்குத்தான் ஜாஸ்தி. அதையே வாங்கீரலாம் அம்மணி."

"எனக்கு ஆ போதுமுங்க" என்றேன். மெதுவாகத்தான்.

"ஏன்? ஏழு மார்க்கு கம்மி."

"கம்மியா இருந்தா இருக்கட்டுமுங்க."

"கேமரா கம்மி, பேட்டரி கம்மி, சூடாகுது, சத்தம் வேற. தெரிஞ்சே எதுக்கு மார்க்கு கம்மியா இருக்கறதை எடுக்கோணும்?"

அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. ஆறு வாரமாக அடக்கி வைத்திருந்த குரல் மொத்தமும் வந்தது.

"அறுபத்தொண்ணு மார்க்கு வாங்குனவளை இருபத்தஞ்சு வருசமா வெச்சுக் குடும்பம் பண்ணுனீங்கல்ல? அப்பத் தெரிஞ்சுதானே எடுத்தீங்க? ஈரோட்டுக்காரி கெடைக்கலைன்னுதானே எடுத்தீங்க? அப்ப இதையும் எடுங்க."

கடை நின்றுவிட்டது. டிவி வாங்க வந்தவர்கள் டிவியை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். மேல்மாடியில் வாஷிங் மெஷின் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் கைப்பிடிச் சுவர் ஓரம் வந்து எட்டிப் பார்த்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு பேர் முன்னால் அழுதது கேவலமாக இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

இவர் பவித்ராவிடம் திரும்பி, "ரெண்டு ஃபோனுலயும் ரெக்கார்டு ஓடுதுங்களா?" என்று கேட்டார்.

"ஓடுதுங்க சார். மைக் டெஸ்ட்டுக்குன்னு நீங்கதான் போட்டு வெக்கச் சொன்னீங்க" என்றாள் அவள், பாவம்.

"நல்லது. அப்படியே அழிச்சிருங்க" என்றவர் என்னிடம், "வா, வீட்டுக்குப் போலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறிப் பச்சைப் பெட்டியை இறக்கினார். அந்தப் பழைய நோட்டை எடுத்து முதல் தாளைத் திருப்பி என் மடியில் வைத்தார்.

"முன்பக்கம் மட்டும் பார்த்துட்டு ரிப்போர்ட்டு எழுதறவனை எங்க செக்சன்ல உள்ளயே விட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் காப்பி போட ஆரம்பித்தார்.

பின்பக்கத்தில் இருந்தது இது. அப்படியே எழுதுகிறேன்.

"13.6.99. மாலை. பொள்ளாச்சி. ஃபேன் மெதுவாக ஓடியதால் ரெகுலேட்டரைத் திருகினேன். பொறி பறந்தது. ஃபியூஸ் போனது. போனது என்னால். பெண்ணின் பெரியப்பா 'யாரு கை வெச்சது?' என்று கேட்டார். எனக்கு நாக்கு எழவில்லை. பெண் உள்ளிருந்து வந்து, காலையில் தான் இஸ்திரி போட்டதால் போயிருக்கும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, ஸ்டூலில் ஏறி ஃபியூஸ் கட்டினாள். ரெகுலேட்டர் அவள் நின்ற கதவுக்கு நேர் எதிரே. நான் திருகியதைப் பார்த்திருக்கிறாள். ஃபியூஸ் கட்டி முடிக்கும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

முன்பக்க மார்க் செல்லாது.

ஈரோட்டுக்கு வேண்டாம் என்று பஸ்ஸிலேயே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஜாதகம் சரியில்லை என்று அப்பா எழுதிக்கொள்வார்.

முடிவு: ஆ.

கட்டிய ஒயர் கொஞ்சம் தடிமன். கல்யாணத்துக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

சோதித்தவர்: நாச்சிமுத்து."

ஜூன் ஒன்பதாம் தேதி இந்த டைரியில் நான் எழுதியதைத் திருத்த வேண்டும். இஸ்திரிப் பெட்டியை அன்றைக்கு நான் தொடவே இல்லை. சேலை லாண்டரியில் போட்டு வந்தது. கதவுச் சந்தில் நின்று மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா உட்கார முடியாமல் எழுந்து ரெகுலேட்டரைத் திருகியதையும், பெரியப்பா சத்தம் போட்டதும் அந்த முகம் போன போக்கையும் பார்த்தேன். பாவமாக இருந்தது. வாய் முந்திக்கொண்டது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை, அவள் திட்டியபோதெல்லாம்கூடச் சொல்லவில்லை. நான் பார்த்தது இவருக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். பொய்யைச் சொல்லிச் சொல்லி, டைரியில்கூட அதையே எழுதும் அளவுக்கு எனக்கே பழகிவிட்டது.

காப்பி வந்தது. சர்க்கரை அதிகம். தராசை நம்பிப் போட்டாரோ என்னவோ.

"ஏனுங்க இத்தனை வருசமா சொல்லல?" என்று கேட்டேன்.

"நீயும்தான் சொல்லல."

"நான் சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமுன்னு இருந்தேனுங்க."

"எனக்கும் அதேதான்" என்றார். டம்ளரைக் கீழே வைத்தார். "ஒயரு தடிமன்தான். அதையாவது சொல்லியிருக்கலாம்."

நான் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். ஆறு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. நான் தீர்ந்துபோன சாமானுக்குப் பதிலாக வந்தவள் இல்லை. பஸ் ஊர் வந்து சேர்வதற்குள்ளேயே எடுத்த முடிவு நான்.

அவர் குளிக்கப் போனதும் நீல நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பினேன். இனிமேல் எதையும் திருப்பிப் பார்க்காமல் விடுவதாக இல்லை. அதில் ஃபோனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

"ஜூலை 14 முதல் அம்மணி மெதுவாகப் பேசுகிறாள். காரணம் தெரியவில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். மோர், மிளகு கொடுத்தாயிற்று. பலனில்லை. மைக் சோதனை செய்ய முடியவில்லை. சத்தம் திரும்பி வரும்வரை ஃபோன் வாங்குவதாக இல்லை."

அதற்குக் கீழே, இன்றைய தேதியில், மை இன்னும் காயாத மாதிரி ஒரு வரி.

"திரும்பி வந்துவிட்டது."

இதைப் படித்துவிட்டு நான் அழுதேன். இது கடையில் அழுதது போல இல்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கடைக்குப் போனோம். எங்களைப் பார்த்ததும் பவித்ரா இரண்டடி பின்னால் போனாள்.

"ஆ-வே எடுத்துக்கலாம் அம்மணி. உனக்குப் புடிச்சிருக்குதல்ல" என்றார் இவர்.

"எனக்கென்ன பைத்தியமாங்க? ஏழு மார்க்கு கம்மி. கேமரா கம்மி, பேட்டரி கம்மி, சூடாகுது. அ-வை எடுங்க."

"நேத்து..."

"நேத்து நேத்தைக்குங்க. ஃபோனு என்ன ஃபியூஸா கட்டப்போகுது? அதுக்கு மார்க்கு போதும்."

அ வாங்கினோம். எண்பத்தைந்து நாள். தேதியோடு சாட்சி இருக்கிறது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இருபத்தைந்து வருடம். காலையில் மருதமலைக்குப் போய்வந்தோம். புது ஃபோனில் யாழினியைக் கூப்பிட்டேன். "அம்மா, கொஞ்சம் தள்ளி வெச்சுப் பேசுங்க, காது போகுது" என்றாள். மைக்குக்கு இவர் பத்துக்குப் பத்து போட்டார். நீல நோட்டின் பின்பக்கத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார். ரிப்போர்ட் செல்லும்.

சாப்பிட்ட பிறகு பழைய நோட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"அடக்கத்தைப் பத்தி நான் பேச வரலீங்க. அதெல்லாம் இருக்கட்டும். குரலுக்கு நாலு மார்க்குங்கறது அநியாயம். ஒரு நாள், ஒரு மணி நேரம் கேட்டுட்டுப் போட்டது. இப்ப இருபத்தஞ்சு வருசம் கேட்டாச்சு. திருத்திக் குடுங்க."

அவர் மறுக்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டினார். பென்சிலைச் சீவினார். அந்த வரியை விரலால் தேடிப் பிடித்து, நாலை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் நிதானமாக மூன்று என்று எழுதினார். மொத்தத்தையும் அறுபதாகத் திருத்தி, இன்றைய தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டு என்னிடம் கொடுத்தார்.